வி-ஐ-ஆர் முக்கோணம் ஒழிக!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வாத்தியார்களைத் திட்டும் பதிவு அல்ல. ஒரு முக்கோணத்தைத் திட்டும் பதிவு.

எந்த முக்கோணம் என்கிறீர்களா? டியூஷன் பக்கம் ஒதுங்கிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு முக்கோணம் வரைந்து மேலே வி, கீழே ஐ, பக்கத்தில் ஆர் என்று எழுத வேண்டும். எது வேண்டுமோ அதைக் கட்டை விரலால் மூட வேண்டும். ஆரை மூடினால் மிச்சம் இருப்பது வி-யின் கீழ் ஐ. வகுத்தால் மின்தடை ரெடி. இதற்கு ஒரு தம்பி முக்கோணமும் உண்டு. மேலே பி, கீழே வி, ஐ. பி-யை மூடினால் பெருக்கிவிட வேண்டியதுதான், மின்திறன் ரெடி. இரண்டு மார்க்கும் ரெடி.

"ஒரு சாதனத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியர் பாய்கிறது. மின்தடை என்ன, திறன் என்ன?" 4 ஓம், 36 வாட். பத்தாம் வகுப்புப் பையன் பத்து நொடியில் போட்டுவிடுவான். அந்தச் "சாதனம்" எது என்று யாராவது கேட்டோமா? பல்பா, மோட்டாரா, செல்போன் சார்ஜரா, மனுஷ உடம்பா? முக்கோணத்துக்கு அதெல்லாம் தேவையே இல்லை. இரண்டு எண் கொடுத்தால் மூன்றாவது எண்ணைத் துப்பும். என் குற்றச்சாட்டே அதுதான்.

வகுத்து வந்த 4 ஓம் தப்பில்லை. அந்த நொடியில், அந்த நிலையில், வி-க்கும் ஐ-க்கும் உள்ள விகிதம் அது. ஆனால் அந்த 4 ஓமைத் தூக்கிக்கொண்டு போய் "அப்படியானால் 24 வோல்ட் கொடுத்தால் 6 ஆம்பியர்" என்று அடுத்த கணக்கைப் போடுகிறோமே, அங்கேதான் கோளாறு. அது சரியா தப்பா என்பது முக்கோணத்துக்குத் தெரியாது. சாதனத்துக்குத்தான் தெரியும். விரலை வைத்து மூடும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே எது மாறாமல் நிற்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாமல் செய்வதுதான் முக்கோணத்தின் வேலை.

ஒரு கேள்வி, இரண்டு கோஷ்டி

நம் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள்: "மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா?"

பாதிப் பேர் கூடும் என்பார்கள். திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை, ஆகவே கூடும். மிச்சப் பாதி குறையும் என்பார்கள். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கம் வகுத்தல் மின்தடை, ஆகவே குறையும். இரண்டு கோஷ்டி கையிலும் சூத்திரம் இருக்கிறது. இரண்டு சூத்திரமும் புத்தகத்தில் இருக்கிறது. சண்டை மட்டும் முடியாது. :-)

முடிக்க முடியாத சண்டை இல்லை இது. மின்னோட்டம் மாறாமல் நின்றால் முதல் கோஷ்டி சரி. மின்னழுத்தம் மாறாமல் நின்றால் இரண்டாவது கோஷ்டி சரி.

இரண்டு குண்டு பல்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 230 வோல்ட் பல்பு. ஒன்று 100 வாட், இன்னொன்று 40 வாட். எரியும்போது 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம். 40 வாட் பல்புக்கு ஏறக்குறைய 1320 ஓம். வீட்டில் இருப்பதுபோல் பக்க இணைப்பில் போட்டால் இரண்டுக்கும் ஒரே 230 வோல்ட். மின்தடை குறைந்த 100 வாட் பல்புதான் பிரகாசம். அதே இரண்டையும் தொடர் இணைப்பில் போடுங்கள். இப்போது இரண்டிலும் ஒரே மின்னோட்டம். மின்தடை அதிகமான 40 வாட் பல்பு எரியும், 100 வாட் பல்பு சோகமாக மினுக்கும். பல்பு மாறவில்லை, சூத்திரம் மாறவில்லை. எது மாறாமல் நிற்கிறது என்பதுதான் மாறியது.

"மாறா வெப்பநிலையில்" என்று ஒரு மந்திரம்

ஓம் விதியை எழுதச் சொன்னால் எல்லோரும் "மாறா வெப்பநிலையில்" என்றுதான் ஆரம்பிப்போம். அந்த இரண்டு சொல்லை விட்டால் மார்க் போய்விடும் என்று தெரியும். அது எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியாது. விதியை எழுதி முடித்து அடுத்த பக்கத்தில் கணக்குப் போடும்போது வெப்பநிலையாவது ஒன்றாவது!

மேலே சொன்ன 100 வாட் பல்பையே, ஹோல்டரில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 529 ஓம் காட்டாது. சுமார் 40 ஓம்தான் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கிறது. சூடு ஏறினால் உலோகத்தின் மின்தடை ஏறும். குளிர்ந்த இழைக்கும் கொதிக்கும் இழைக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அளந்த 40 ஓமை முக்கோணத்தில் போடுங்கள். 230-ஐ 40-ஆல் வகுத்தால் 5.75 ஆம்பியர். திறன் 1300 வாட்டுக்கு மேல். 100 வாட் பல்பு 1300 வாட் பல்பாகிவிட்டது! இது முழுக்கப் பொய்யும் இல்லை. சுவிட்ச் போட்ட அந்தக் கண நேரத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், சுவிட்ச் போடும்போது "டப்" என்று போனதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. முக்கோணம் பிடித்தவருக்கு இது ஒரு தப்பான விடை. கேள்வி கேட்டவருக்கு இது ஒரு கண்டுபிடிப்பு.

லேப் கூத்து இன்னும் சுவாரசியம். டார்ச் பல்பை மாட்டி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறித்து வரைபடம் போட்டால் கோடு வளையும். வளையத்தான் வேண்டும். இழை சூடாகிறதே. ஆனால் ரெக்கார்டு நோட்டில் வளைந்த கோட்டுக்கு இடம் ஏது? நம் மக்கள் ரீடிங்கை "அட்ஜஸ்ட்" செய்து நேர்கோடு வரவழைப்பார்கள். இயற்கை சொன்னதை அழித்துவிட்டு, சொல்ல வேண்டியதை எழுதிக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சோதனை!

அந்த ஓம் என்ன செய்தார்?

ஜார்ஜ் சைமன் ஓம் பெரிய பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று பார்த்தார். அந்தக் காலத்து மின்கலங்கள் ஒரு நிலையில் நிற்காது. மின்னோட்டம் எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே போகும். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் வந்த சூத்திரம் சரியானதாக இல்லை.

பிறகு போகன்டார்ஃப் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள். பிஸ்மத், செம்பு என்ற இரண்டு உலோகங்களின் ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், கொதிநிலையும் உறைநிலையும் மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. அதை வைத்துச் செய்த பிறகுதான் 1826-இல் சரியான உறவு கிடைத்தது. 1827-இல் புத்தகமாக வந்தது. சொந்த நாட்டில் உடனே கொண்டாடிவிடவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைக்க 1841 வரை ஆனது.

கவனியுங்கள். அவர் வகுக்கத் தெரியாமல் தவிக்கவில்லை. எதையாவது ஒன்றை மாறாமல் நிறுத்தி வைக்க முடியாமல் தவித்தார். அந்த ஒன்று கிடைத்ததும் விதியும் கிடைத்தது. அவர் பட்ட பாட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியில் வந்த வகுத்தலை மட்டும் முக்கோணத்தில் அடைத்து நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேங்காயை எடுத்துக்கொண்டு நாரைக் கொடுத்த கதை.

இஸ்திரிப் பெட்டி, சார்ஜர், மோட்டார்

இன்னொரு கேள்வி. "மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் என்ன ஆகும்?" முக்கோணம் சொல்லும்: குறையும். வீட்டில் இருக்கும் மூன்று சாமான்களிடம் கேட்போம்.

இஸ்திரிப் பெட்டி: ஆமாம், குறையும் என்கிறது. உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். 230 வோல்ட்டில் 1000 வாட் என்று எழுதியிருந்தால் மின்தடை 52.9 ஓம். மின்னழுத்தம் 200-க்கு இறங்கினால் மின்னோட்டம் 4.35 ஆம்பியரிலிருந்து 3.78-க்கு இறங்கும். திறன் 756 வாட் ஆகும். மின்னழுத்தம் குறைந்தது 13 சதவீதம், திறன் குறைந்தது 24 சதவீதம். இங்கே மின்தடை மாறாமல் நிற்கிறது. முக்கோணம் பாஸ்.

செல்போன் சார்ஜர்: இல்லை, கூடும் என்கிறது. அதன் மேல் 100-240 வோல்ட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். உள்ளே வருவது 230 ஆனாலும் 180 ஆனாலும் போனுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் கொடுத்தாக வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் அந்த 10 வாட்டைக் கொடுக்க அதிக மின்னோட்டம் இழுக்கும். இங்கே திறன் மாறாமல் நிற்கிறது. முக்கோணம் ஃபெயில்.

மோட்டார்: இதுதான் காசு போகிற இடம். கிணற்று மோட்டார், போர் மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் "வோல்டேஜ் இல்லை, காயில் எரிஞ்சு போச்சு" என்ற வார்த்தையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். முக்கோணத்தின்படி மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் குறைய வேண்டும், சூடும் குறைய வேண்டும். அப்புறம் காயில் எப்படி எரியும்?

எரியும். தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்குகிற வேலை அப்படியேதான் இருக்கிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மின்னோட்டம் தோராயமாக 11 சதவீதம் கூட வேண்டும். காயிலில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சூடு ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். 20 சதவீதம் குறைந்தால் மின்னோட்டம் 25 சதவீதம், சூடு 56 சதவீதம் கூடும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் காயில் மேல் பூசியிருக்கும் வார்னிஷ் கருகுவதற்கான காரணம் இதிலேயே தெரிகிறது. கட்டி வாங்க வைண்டிங் கடையில் கொடுக்கும் காசு பரீட்சையில் போகிற இரண்டு மார்க் அல்ல.

மோட்டார் விஷயத்தில் முக்கோணம் இன்னொரு பொய்யும் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு, 230 வோல்ட்டில் ஒரு 1 குதிரைத்திறன் மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். வகுத்தால் ஏறக்குறைய 38 ஓம். சரி, அது உண்மையிலேயே காயிலின் மின்தடை என்றால், மின்னோட்டத்தின் வர்க்கம் 36, அதை 38-ஆல் பெருக்கினால் 1370 வாட் சொச்சம். அதாவது வாங்கிய மின்சாரம் முழுக்கக் காயிலிலேயே சூடாகிவிட்டது. தண்ணீரைத் தூக்க ஒரு வாட்கூட மிச்சமில்லை! அப்படி ஒரு மோட்டார் இருந்தால் அது வெந்நீர் போடத்தான் ஆகும்.

ஆஃப் செய்துவிட்டு மீட்டரால் அளந்தால் அந்தக் காயில் சில ஓம்தான் காட்டும். மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் மோட்டாரில் வி-யை ஐ-ஆல் வகுத்தால் வருவது மின்தடை அல்ல, மின்னெதிர்ப்பு. காயிலின் காந்தப்புலமும் சுழற்சியும் சேர்ந்து போடும் முட்டுக்கட்டை அதில் அடங்கியிருக்கிறது. தம்பி முக்கோணமும் இங்கே சறுக்கும். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் வரும் 1380 உண்மையான திறன் அல்ல. திறன் காரணி 0.8 என்றால் உண்மையான திறன் 1104 வாட். நம் வீட்டு மீட்டர் யூனிட் கணக்கில் ஏற்றுவது இதைத்தான்.

கடைசியாக, உயிர்

இதுவரை சொன்னதெல்லாம் காசு, மார்க். இனிச் சொல்வது விளையாட்டு இல்லை.

மல்டிமீட்டர் வாங்கிய எல்லோரும் செய்யும் முதல் காரியம், இரண்டு கம்பியையும் இரண்டு கையில் பிடித்துத் தன் உடம்பின் மின்தடையை அளப்பது. காய்ந்த கையாக இருந்தால் லட்சக்கணக்கில் காட்டும். 5 லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணத்தில் போட்டால் 230-ஐ 5 லட்சத்தால் வகுக்க 0.46 மில்லி ஆம்பியர். "அட, அரை மில்லி ஆம்பியர்கூட இல்லை. ஷாக் எல்லாம் சும்மா பயமுறுத்தல்" என்று ஒரு புத்திசாலி முடிவுக்கு வரலாம். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் ஆள் இருக்க மாட்டார்.

மல்டிமீட்டர் கொடுப்பது சில வோல்ட். அந்தச் சில வோல்ட்டுக்குத் தோல் கட்டிய சுவர்தான் அந்த லட்சக்கணக்கான ஓம். 230 வோல்ட் வந்தால் அந்தச் சுவர் இடிந்து விழும். கை ஈரமாக இருந்தால் சுவரே கிடையாது. உள்ளே இருப்பது உப்பு நீர். கணக்குப் போடுகிறவர்கள் உடம்பை சுமார் 1000 ஓம் என்று எடுத்துக்கொள்வது அதனால்தான். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். வீடுகளில் ஆளைக் காப்பாற்ற வைக்கும் ஆர்.சி.சி.பி. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் இது. இதயத்தின் துடிப்பைக் குலைக்கத் தாராளமாகப் போதும்.

ஒரே உடம்பு, ஒரே முக்கோணம். ஒரு விடை 0.46, இன்னொன்று 230. நடுவில் ஐந்நூறு மடங்கு. அந்த ஐந்நூறு மடங்கில்தான் ஓர் உயிர் இருக்கிறது. சில வோல்ட்டில் அளந்த மின்தடை 230 வோல்ட்டிலும் மாறாமல் நிற்கும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. முக்கோணம் கேட்கவும் இல்லை.

"ஆரம்பத்தில் எளிமையாகத்தானே சொல்ல வேண்டும்?"

இப்படித்தான் எதிர்வாதம் வரும். நியாயமான கேள்வி. என் பதில்: எளிமை வேறு, பொய் வேறு. "எது மாறாமல் நிற்கிறது?" என்பது மூன்றே மூன்று சொல். முக்கோணத்தை விடவும் எளிமை. அதைப் புரிந்துகொள்ள வகை நுண்கணிதம் தேவையில்லை.

"பாஸாக வேண்டாமா?" என்பது அடுத்தது. தாராளமாகப் பாஸாகுங்கள். வகுக்க வேண்டாம் என்று யார் சொன்னது? கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "மின்தடை மாறாது எனக் கொண்டால்." அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுதும் கை, நாளைக்கு மோட்டார் முன்னாலோ ஈரக் கையோடு சுவிட்ச் முன்னாலோ நிற்கும்போது ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒரு சாதனம்" என்று எழுதாதீர்கள். என்ன சாதனம் என்று எழுதுங்கள். லேபில் டார்ச் பல்பின் வளைந்த கோட்டுக்குக் கையெழுத்துப் போடுங்கள். ஏன் வளைந்தது என்று கேட்டு அதற்கு மார்க் கொடுங்கள்.

நண்பர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கம்பி, பிளக் எதையும் கழற்ற வேண்டாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடுங்கள். அதன் விளக்கு எரியும்போது, மின்சார மீட்டரில் சிவப்பு விளக்கு 30 நொடியில் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சாகியிருக்கும். அது 3200 என்று வைப்போம். 30 நொடியில் 20 சிமிட்டல் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 2400. 3200-ஆல் வகுத்தால் 0.75 கிலோவாட், அதாவது 750 வாட். பெட்டியின் மின்தடை 52.9 ஓம் என்று ஏற்கெனவே தெரியும். 750-ஐ அதனால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 199. உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பது 230 வோல்ட் அல்ல, சுமார் 199 வோல்ட்! வோல்ட் மீட்டர் இல்லாமலே வோல்டேஜ் பார்த்துவிட்டீர்கள். நிக்ரோம் கம்பி கிட்டத்தட்ட மாறாமல் நிற்கும் என்று தெரிந்ததால்தான் இந்தக் கணக்கைப் போட முடிந்தது. இதையே குண்டு பல்பை வைத்துச் செய்தால் விடை எந்தப் பக்கம் தப்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

முக்கோணத்துக்கு அந்தக் கேள்வி புரியாது. உங்களுக்குப் புரியும்.

பி.கு.: தொடர் இணைப்பு பல்பு சோதனையை 230 வோல்ட்டில் யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். இரண்டு டார்ச் பல்பும் நாலு பேட்டரி செல்லும் போதும். கோடு அதிலும் வளையும். :-)